கோமதி வண்டிக்குள் அடைபட்ட சாரல்

அந்த வருசம் மயில்பொத்தையில சாரல் விழலைன்னு சொன்னா நம்புறவங்க, அது ஒரு மோட்டார் சைக்கிளோட ரேடியேட்டருக்குள்ள அடைபட்டுக் கெடந்துச்சுன்னு சொன்னா மட்டும் என்னை மேலயும் கீழயும் பாக்காவ. பாத்துக்கிடட்டும். முப்பத்தோரு வருசமா பஞ்சர் கடை வச்சு, காத்தை அடைக்கிறதும் அவுக்குறதுமா பொழைக்கிறவன் நான். பேரு பூதத்தான். காத்து எங்க இருக்கு, எங்க இல்லன்னு எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம்.

எங்க ஊரு செங்கோட்டைக்கு மேற்கே, மலை ரெண்டா விலகி வழி விடுற கணவாய்க்கு நேர் கீழ இருக்கு. வைகாசி முடிஞ்சு ஆனி பிறக்கிற வாரத்துல, அந்தப் பக்கத்துக் கடல்ல இருந்து கிளம்புன காத்து கணவாய் வழியா உள்ள வந்து, மொதல்ல எங்க பனை ஓலையைத் தொட்டு, பிறகு கூரைத் தகரத்தைத் தட்டி, பிறகு கொடியில காயுற சேலை வேட்டி எல்லாத்தையும் அடுத்த வீட்டுக்கு மாத்திப் போட்டுட்டு, பின்னாலேயே கண்ணுக்குத் தெரியாத சன்னத்துல சாரலைத் தெளிக்கும். அது வந்தாத்தான் அருவியில தண்ணி, அது வந்தாத்தான் கார் நெல்லு நடவு, அது வந்தாத்தான் கரண்டு எடுக்கிற காத்தாடி சுத்தும், ஊருக்காரன் மூஞ்சி கொஞ்சம் தெளிச்சியா இருக்கும். வருசத்துல எட்டு மாசம் நாங்க அதுக்காகக் காத்துக் கெடப்போம், நாலு மாசம் அதைத் திட்டுவோம்.

கணவாய் உச்சியில ஒரு மாடசாமி இருக்காரு. மாட்டு வண்டி போன காலத்துல, மலை ஏறி வந்த மாட்டுக்கு அங்கன இருக்கிற ஊத்துல தண்ணி காட்டிட்டுத்தான் இறக்கத்துல விடுவாவ. மாடு போயி லாரி வந்த பிறகும் பழக்கம் போகல. டிரைவருமாரு இஞ்சினை அணைச்சு, சூடம் ஏத்தி, சூடு தணியிற வரைக்கும் உக்காந்திருந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊத்துத் தண்ணி ஒரு செம்பு ஊத்திட்டுத்தான் நகருவாவ. ரேடியேட்டர் இல்லாத வண்டிக்கு டேங்கு மேல ரெண்டு சொட்டு தெளிச்சாப் போதும். ஆனா வண்டிக்குத் தண்ணி காட்டாம எங்க ஊருக்காரன் எவனும் கணவாயைத் தாண்ட மாட்டான்.

கோமதியும் அப்படித்தான் தினமும் தண்ணி காட்டுனா. கிணத்தடித் தெருவுல கடைசிக்கு முந்தின வீடு அவளுக்கு. விடியக்கருக்கல்ல மல்லியும் பிச்சியும் ரெண்டு சாக்கு கட்டிக்கிட்டு, கணவாய் ஏறி புனலூர் சந்தையில போட்டுட்டுத் திரும்புவா. வண்டி அவ புருசன் ஆசை ஆசையா வாங்கினது. தண்ணியில குளிர்ற பெரிய இஞ்சின். வாங்கி ஆறு மாசம் ஓட்டுறதுக்குள்ள அவன் மஸ்கட்டுக்குப் போயிட்டான், இவ எடுத்து ஓட்ட ஆரம்பிச்சிட்டா. ஊரு ஒரு வாரம் வாயைப் பொளந்து பாத்துச்சு, பிறகு அதே ஊரு மலைக்குப் போக அவகிட்ட லிஃப்டு கேட்டுச்சு.

அவளுக்கு ஒரே மக. உலகம்மைன்னு பேரு, உலகுன்னு கூப்பிடுவோம், அப்ப ஒன்பது வயசு. பிள்ளைக்கு இளைப்பு. சித்திரை வெயில்ல ஓடி ஆடுறவ, சாரக்காத்து ஊருக்குள்ள காலு வச்ச அன்னைக்குப் படுத்தா நெஞ்சு கீச்சு கீச்சுன்னு கத்தும். நாலு மாசமும் அந்த வீட்டுல சன்னல் திறக்காது, இடுக்குல எல்லாம் பழஞ்சேலையைத் திணிச்சு வச்சிருப்பா கோமதி. அதுக்கு முந்தின வருசம் ரெண்டு தடவை உதடு நீலம் பாரிச்சுப் போயி தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவுல கொண்டு போனா. ரெண்டாவது தடவை ஆட்டோ டயரு பஞ்சராகி, நடுரோட்டுல ஒட்டிக் குடுத்தது நான்தான். பின்சீட்டுல அந்தப் பிள்ளை மூச்சுக்கு முட்டுனதை நான் பாத்தேன். அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல எனக்கு வராது.

வைகாசி இருபத்தொம்பதாம் தேதி காலையில, பூச்சாக்கோட உச்சிக்குப் போயி, வண்டியை அவசரத்துல சைடு ஸ்டாண்டுல சாச்சு வச்சு, சூடு தணிஞ்சதும் மூடியைத் திறந்து, செம்புத் தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு அவ மேக்க பாத்தா. அந்தப் பக்கம் வானம் கறுத்து நிக்குது. காத்து கிளம்பிட்டுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. மாடசாமியைப் பாத்து, இந்த ஒரு வருசம் மட்டும் இதை எம்பிள்ளைகிட்ட விடாதேன்னு கேட்டிருக்கா. கேட்டு முடிக்கல, மரத்துல ஒரு இலை ஆடல, பூச்சாக்கு மேல மூடுன துணி அசையல, கணவாய் அகலத்துக்கு வந்த காத்து மொத்தமும் புகை மாதிரி ஒடுங்கி, நூல் மாதிரி ஒடுங்கி, அந்த ரூவாத்துட்டு அகல வாய்க்குள்ள உஸ்ஸுன்னு போயிருச்சு. இவ அதுக்கு மேல தண்ணியை ஊத்தி, மூடியை வச்சு, இறுக்கித் திருகிட்டா. வேணும்னே மூடினாளா, பழக்கத்துல மூடினாளான்னு ஊருக்குள்ள இன்னைக்கும் ரெண்டு கட்சி இருக்கு. நான் ரெண்டு கட்சியிலயும் இருக்கேன்.

ஆனி பிறந்து பத்து நாளாச்சு, சாரலைக் காணோம். அதுவரைக்கும் கோமதி உச்சியில மூடியைத் திறக்காம, டேங்கு மேல ரெண்டு சொட்டு மட்டும் தெளிச்சுட்டுத் தாண்டுனா. வண்டியில சூட்டு விளக்கு சிவப்பா எரிய ஆரம்பிச்சதும், கோமதி அதை மசூது பட்டறைக்குக் கொண்டு வந்தா. மசூது பட்டறைக்கும் என் கடைக்கும் ஒரே சுவருதான். நாங்க ரெண்டு பேரும் ஒரே வயசு, ஒரே பிடிவாதம். அவன் இஞ்சினுக்கு மேல போற ஹோஸைத் தொட்டான், கொதிச்சுது. கீழ இருக்கிற ஹோஸைத் தொட்டான், பச்சத்தண்ணியா கெடந்துச்சு.

காத்து பிடிச்சிருக்குன்னான். சைடு ஸ்டாண்டுல சாச்சு வச்சுத் தண்ணி ஊத்துனியா தங்கச்சி, மூடி இருக்கிற பக்கம் பள்ளமாயிருச்சுன்னா மேட்டுப் பக்கத்துல காத்து ஏறி உக்காந்துக்கிடும், அது உக்காந்த எடத்தைத் தாண்டித் தண்ணி சுத்தாது, தண்ணி சுத்தலைன்னா இஞ்சினு வேகத்தான் செய்யும்னு நிதானமா வெளக்கினான். பிறகு வண்டியை ஆற விட்டு, முன்சக்கரத்தைக் கல்லு மேல ஏத்தி, மூடி ஒசரத்துல வாற மாதிரி வண்டியை மறுபக்கம் சாச்சுக் கட்டையைக் குடுத்து, மூடியைத் திறந்து வச்சு, இஞ்சினை மெதுவா ஓட விட்டு, பால் பீச்சுற மாதிரி ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டான்.

களக்குன்னு ஒரு குமிழி வந்துச்சு. நெல்லிக்கா அளவுதான் இருக்கும். அது உடைஞ்சதும் கடல் வாசமும் ஏலக்கா வாசமும் ஈர ரப்பர் எலை வாசமும் ஒண்ணா வந்து, ஆணியில தொங்குன என் டியூபு எல்லாம் ஊஞ்சலாடி, மசூது சுவத்துல மாட்டியிருந்த காலண்டர் ஆவணி வரைக்கும் புரண்டு, பட்டறைக்குள்ள மட்டும் சாரல் விழுந்துச்சு. மசூது கண்ணாடியைக் கழட்டிக் கைலி நுனியில துடைச்சு மாட்டிக்கிட்டான். நான் பஞ்சர் ஒட்டுற அடுப்பு அணைஞ்சிராம நகத்தி வச்சேன். எதிர் டீக்கடைக்காரரு சீனி டப்பாவை மூடிக்கிட்டே, வந்துட்டு போலன்னாரு. பிறகு மசூது அடுத்த அமுக்குக்குக் கையைக் கொண்டு போனான்.

கோமதி அவன் மணிக்கட்டைப் பிடிச்சா. "மூடிருங்கண்ணே."

அவன் அவ முகத்தைப் பாத்தான். தண்ணியை நிரப்பி மூடியைத் திருகிக் குடுத்தான். அவ வண்டியை ஸ்டார்ட் பண்ணாம, தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போனா.

மறுநாள் காலையில ஊரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. காத்து எப்படி அதுக்குள்ள போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல, கேட்டு என்ன ஆகப் போகுது. இனிமே எப்படி நடந்துக்கிடணும்கிறதுதான் பேச்சு. டவுன் பஸ் கண்டக்டரு, குத்தால சீசன் எப்படின்னு கேட்ட வெளியூர்க்காரங்ககிட்ட, இந்த வருசம் கோமதி வண்டியிலன்னு டிக்கெட்டு கிழிச்சுக்கிட்டே சொன்னாரு. காத்தாடிக் கம்பெனி வாட்ச்மேன் ஒரு நோட்டோட வந்து, வண்டி நம்பரைக் குறிச்சுக்கிட்டு, நன்றி சொல்லிட்டுப் போயிட்டாரு. மாவரைக்கப் போற பொம்பளைங்க கிணத்தடித் தெரு வழியா சுத்திப் போயி, முத்தத்துல நிக்கிற வண்டியோட மூடிகிட்ட மூஞ்சைக் கொண்டு போயி ஒரு நிமிசம் நின்னுட்டு வந்தாவ. ஆடு மாடு எல்லாம் அந்த வண்டியைப் பாத்துத் தலையை வச்சுப் படுத்துச்சு. சட்டையைக் கழட்டிட்டு வேர்வையோட உக்காந்திருந்தவங்க எல்லாம் வண்டி தெருவைக் கடந்து போகும்போது எந்திரிச்சு நின்னாவ, அது மரியாதையா ஏக்கமான்னு எனக்குத் தெரியாது.

ஆனா ஒருத்தர் கூட, திறந்து விடு தாயின்னு அவகிட்டப் போயி கேக்கல. வெயிலு கொளுத்துது, நாத்தங்கால் பழுத்துப் போச்சு, குத்தால அருவி வெறும் பாறையா நிக்குது, அங்க கடை போட்ட எங்க ஊருக்காரங்க ஈ ஓட்டிக்கிட்டுத் திரும்பி வந்தாவ. அப்பவும் கேக்கல. எனக்குத்தான் பொறுக்கல. என் வாயி அப்படி. நாலு ஊரு சனம் ஒரு சொட்டு ஈரத்துக்குத் தவிக்கும்போது இவ சீசனை வீட்டுல கட்டி வச்சிருக்கா, நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்னு சட்டையை மாட்டிக்கிட்டுப் புறப்பட்டேன்.

கிணத்தடித் தெரு முக்குல திரும்புனா, உலகு கயிறு தாண்டிக்கிட்டு இருக்கா. ஆனி மாசத்துல. வாசல்ல. சன்னல் ரெண்டும் மலத்தத் திறந்து கெடக்கு, திணிச்சு வச்ச பழஞ்சேலை எல்லாம் கொடியில காயுது. நூத்திப் பதிமூணு, நூத்திப் பதினாலுன்னு எண்ணிக்கிட்டே தாண்டுறா, மூச்சு வாங்குது, எல்லாப் பிள்ளைக்கும் வாங்குற மாதிரி வாங்குது. என்னைப் பாத்துட்டு, மாமா எண்ணுங்க, நான் தாண்டுதேன்னா. நான் எரநூறு வரைக்கும் எண்ணினேன். பிறகு, அம்மா எங்கன்னு கூட கேக்காம திரும்பி வந்துட்டேன். மசூது, என்னவே கேட்டீரான்னு கேட்டான். உம்ம சோலியைப் பாரும்னேன்.

ஆனா இஞ்சினுக்கு அதெல்லாம் தெரியாதில்லா. நாளுக்கு நாள் சூடு கூடுச்சு. மொத வாரம் ஒம்பதாவது வளைவுல நின்ன வண்டி, அடுத்த வாரம் ஆறாவது வளைவுல நின்னுச்சு, பிறகு மூணாவதுல. அவ எறங்கி நின்னு ஆற விட்டு ஆற விட்டுப் போயிச் சேருறதுக்குள்ள இஞ்சின் அனல்ல பூ எல்லாம் அவிஞ்சு பழுப்பாயிரும். மசூது ஒருநாள் அவளை வழியில நிறுத்திச் சொன்னான். இப்படியே ஓட்டுனா இஞ்சின் தலை வெடிச்சிரும், வெடிச்சா மொத்தக் காத்தும் ஒரே மூச்சுல வெளிய வரும், வண்டி நிக்கிறது உன் வீட்டு முத்தம், பக்கத்துலதான் பிள்ளை படுக்குதுன்னான். அதை அவன் மிரட்டுறதுக்காகச் சொல்லல.

மூணு நாள் அவ மலைக்குப் போகல. நாலாம் நாள் காலையில வண்டியைத் தள்ளிக்கிட்டுப் பட்டறைக்கு வந்தா. டீக்கடையில இருந்தவங்க எல்லாம் கிளாஸைக் கீழ வச்சிட்டாவ. கண்ணு வீங்கி இருந்துச்சு அவளுக்கு. யாரையும் பாக்காம, ஆனா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா.

"திறந்துருங்கண்ணே. என்னால இதைக் கட்டிக் காக்க முடியல. ஆனா எங்க தெருவுக்கு மட்டும் வரக் கூடாது. அதுக்கு என்ன செய்யணுமோ நீங்கதான் சொல்லணும்."

மசூது தாடியைச் சொறிஞ்சான். காத்தைத் திறந்து விடுறது அவன் வேலை, போக வேண்டிய எடத்துக்குப் போகச் சொல்றது அவன் வேலை இல்ல. அப்பதான் நான் எந்திரிச்சேன். முப்பத்தோரு வருசத்துல என் தொழிலுக்கு ஒரு அர்த்தம் வந்தது அன்னைக்குத்தான்னு நான் நெனைக்கேன். கடைக்குள்ள போயி, லாரி டியூபு, டிராக்டர் டியூபு, சைக்கிள் டியூபு, ஒட்டு மேல ஒட்டுப் போட்டு ஓரமாக் கெடந்த பழைய டியூபு, எல்லாத்தையும் அள்ளிக் கொண்டாந்து பட்டறை வாசல்ல போட்டேன். காத்தை அவுத்து விட்டாத்தானே அது இஷ்டத்துக்குப் போகும், அடைச்சுக் கொண்டு போவோம்னேன்.

அப்படித்தான் அந்த வருசம் எங்க ஊருக்குச் சீசன் வந்துச்சு. தினமும் காலையில மசூது வண்டியைச் சாச்சு வச்சு, மூடி எடத்துல ஒரு குழாயைச் சொருகி, ஹோஸை அமுக்குவான். ஒவ்வொரு குமிழியும் ஒரு டியூபுல ஏறும். நெல்லிக்கா அளவு குமிழிக்கு டிராக்டர் டியூபு விம்மி நிக்கும். வீட்டுக்கு ஒண்ணுன்னு கணக்கு. வாங்குனவங்க அதைத் தோளுல போட்டுக்கிட்டு வயலுக்கோ குளத்தங்கரைக்கோ அருவிக்கோ போயி, கிணத்தடித் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்னு வால்வைத் திறப்பாவ. அடைபட்டுக் கெடந்த காத்துக்கு மேக்கு கெழக்கு மறந்து போயிருந்துச்சு, திறந்தவன் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறானோ அந்தப் பக்கம் போச்சு. வெள்ளையப்பன்னு ஒரு கூறுகெட்டவன் மட்டும் மறந்து தெருவைப் பாத்து நின்னு வால்வுல கையை வைக்கப் போக, அவன் பொண்டாட்டி அவனைத் தோளைப் பிடிச்சுத் திருப்பி விட்டா.

நாத்து பச்சை பிடிச்சுது. அருவியில மொத நாள் நூலாட்டம் எறங்குன தண்ணி, ஒரு வாரத்துல ஆளைத் தள்ளுற மாதிரி விழுந்துச்சு. காத்தாடி சுத்துச்சு. ஊரு பூரா சாரல், நடுவுல கிணத்தடித் தெரு மட்டும் காஞ்ச மண்ணா, வெயிலடிச்சுக்கிட்டு, சேலை அசையாம நிக்கும். அந்தத் தெருவுக்குள்ள போறவங்க முக்குல குடையை மடக்கி, தலையைத் துவட்டி, ஈரச் செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் போவாவ. யாரும் அப்படிச் செய்யச் சொல்லல. கறிவேப்பிலை கடன் வாங்கப் போறவ கூட மாத்துச் சேலை கட்டிக்கிட்டுப் போனா. மத்த விசயத்துல எங்க ஊரு சனத்தை நான் பெருசாப் புகழ மாட்டேன், வரப்புச் சண்டையில மண்டையை உடைக்கிற கூட்டம். ஆனா அந்த ஒண்ணுக்காக நான் செத்தாலும் இந்த ஊருல சாவேன்.

ஆடி கடைசியில ஒருநாள் மசூது ஹோஸை அமுக்கிட்டு, காதைச் சாச்சுக் கேட்டான். இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்குன்னான். மேட்டு மூலையில கெடக்கு, கடைசிக் குமிழி, இது வந்துட்டா வண்டி சரியாயிரும். யாருக்குப் பங்கு பாக்கின்னு பாத்தா ஒரே ஒரு வீடுதான் பாக்கி, அது கோமதி வீடு. எங்களுக்கு வேண்டாம்னு அவ சட்டுனு சொன்னா. அவளுக்குப் பின்னால, அன்னைக்கு அடம்பிடிச்சுக் கூட வந்திருந்த உலகு நின்னுச்சு.

"எல்லாரும் நனைஞ்சுட்டாவ. எனக்கு வேணும்மா."

கோமதி திரும்பல. மசூதுதான் வாயைத் திறந்தான். தங்கச்சி, பிள்ளைக்குத் தண்ணியைக் காய்ச்சித்தானே குடுக்க, இந்தக் காத்தும் ரெண்டு மாசமா இஞ்சினுக்குள்ள கொதிச்சுக் கெடந்திருக்கு, அதுல இருந்த குளிரும் பூஞ்சையும் எப்பவோ செத்திருக்கும், கடைசிக் குமிழிதான் அதிகமா காஞ்சதுன்னான். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணுவீங்களாண்ணேன்னு அவ கேட்டா. அவன் கையில இருந்த கிரீஸைப் பாத்துக்கிட்டே, எனக்கு இஞ்சினைத்தான் தெரியும்மா, நெஞ்சைத் தெரியாதுன்னான். அவன் பொய் சொல்லியிருந்தா அவளுக்குச் சுலபமா இருந்திருக்கும். அவன் சொல்லல.

அவ பையில இருந்து இன்ஹேலரை எடுத்து, மூடியைக் கழட்டி, கையில தயாரா வச்சுக்கிட்டா. பிறகு தலையை ஆட்டுனா. மசூது இஞ்சினை அணைச்சு, நல்லா ஆற விட்டான். உலகு ரேடியேட்டர் வாயிகிட்டக் குனிஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு நின்னுச்சு. மசூது ஹோஸை ஒரே ஒரு தடவை, குஞ்சைப் பிடிக்கிற மாதிரி அமுக்குனான்.

களக்.

பிள்ளை முடி பறந்துச்சு, சட்டைக் காலர் பறந்துச்சு. முழுசா உள்ள இழுத்துக்கிட்டா. இழுத்து அப்படியே நிறுத்திக்கிட்டா. நான் எண்ண ஆரம்பிச்சேன், எனக்கு வேற என்ன தெரியும். ஆறு வரைக்கும் எண்ணினேன். ஏழாவதுல பிள்ளை மூச்சை விட்டா. நெஞ்சு கத்தல. ரெண்டு தும்மல் போட்டா, மூக்கைப் புறங்கையில துடைச்சா, எங்க எல்லாரையும் ஒரு சுத்து சுத்திப் பாத்தா.

"இவ்வளவுதானா?" ன்னா.

கோமதி அப்படியே பட்டறைத் தரையில, ஆயில் கறையில உக்காந்துட்டா. வாயில முந்தானையை வச்சுக்கிட்டு அழுதா. அழுது முடிக்கட்டும்னு நாங்க ஆளுக்கொரு பக்கம் பாத்தோம். மசூது ரேடியேட்டரை விளிம்பு வரைக்கும் நிரப்பி, மூடியை இறுக்கி, வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாத்துட்டு, என்னையும் தொடச் சொன்னான். ரெண்டும் ஒரே சூடு.

அதுக்குள்ள உலகு பட்டறையை விட்டு வெளிய போயிருந்தா. அவ வாறான்னு அவ தெருவுல இருந்து பட்டறை வரைக்கும் அன்னைக்கு யாரும் டியூபைத் திறக்கல, பட்டறையைத் தாண்டி ரோட்டுல இருபதடி தூரம் காஞ்சு கெடந்துச்சு, அதைத் தாண்டுனா சாரல். காஞ்ச மண்ணும் ஈர மண்ணும் சேருற எடத்துல, கோடு போட்ட மாதிரி இருந்த எடத்துல, பிள்ளை நின்னுச்சு. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சுச்சு. பிறகு இன்னொரு காலையும் வச்சுச்சு. சாரல் அவ முடியில பொடிப்பொடியா ஒட்டுனது இங்க இருந்தே தெரிஞ்சுது. கோமதி எந்திரிச்சா. இன்ஹேலரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் ஓடினா, அங்கனயே நின்னுட்டா.

உலகு அங்க இருந்து திரும்பிப் பாத்து, "எம்மா, பாவாடை நனையுது" ன்னு சத்தம் குடுத்தா.

"நனையட்டும்டி" ன்னா கோமதி.